பிங் போகுது என்று சொன்ன அன்று

"பிங் போகுது, நெட்வொர்க்ல ஒண்ணும் இல்ல. உங்க கோடைப் பாருங்க."

பிங் என்பது எதிர்ப்பக்கம் எட்டுகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனைப் பாக்கெட். அதை நம்பி அப்ளிகேஷன் டீம்காரரிடம் நான் சொன்ன இந்த வரி இன்னும் உறுத்துகிறது. அவர் தெளிவாகத்தான் சொன்னார்: "சார், லாகின் பக்கம் உடனே வருது. ரிப்போர்ட் மட்டும் தொங்கிட்டு, சரியா அறுபது செகண்ட்ல 504 வருது."

முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், டனலுக்கு அப்பால் இருக்கும் ஆப் சர்வரின் பதிலுக்கு வழக்கமாகக் காத்திருப்பது 60 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் 504 பிழை. சின்னப் பக்கம் வருகிறது, பெரியது நிற்கிறது என்றதுமே எம்டியூவை, அதாவது வழியில் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவை, சந்தேகித்திருக்கலாம். ஆனால் நான் சொன்னதும் பொய்யில்லை, பிங் போகத்தான் செய்தது. லினக்ஸ் பிங் தலைப்புகளோடு சேர்த்தே 84 பைட்தான். பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் பாதைதான் டனல்; பொதிவதற்கே இடம் போவதால் அதன் எம்டியூ குறையும். 84 பைட் எந்த டனலிலும் நுழைந்துவிடும்.

மறுநாள் இரண்டு சர்வரிலும் ஒரே நேரத்தில், வந்துபோகும் பாக்கெட்டுகளைப் பதியும் டிசிபிடம்ப் ஓட்டினோம். இணைப்பைத் தொடங்கும் ஹேண்ட்ஷேக் சுத்தம். ரிக்வெஸ்ட் போய்ச் சேர்ந்து, அதற்கு "கிடைத்தது" என்னும் அக்கும் வந்திருந்தது. அதன்பின் ஆப் சர்வர் 1448 பைட் துண்டு ஒன்றையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது. இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது. எதிர்ப்பக்க டம்ப்பில் அந்தத் துண்டு ஒருமுறைகூட இல்லை.

துண்டாக்கத் தடை வைத்து 1472 பைட் பிங் கொடுத்தால், தலைப்பு 28 சேர்ந்து 1500. பதிலே இல்லை. 1372 போனது, 1373 போகவில்லை. ஆக, டனலின் எம்டியூ 1400. அதற்குமேல் வரும் பாக்கெட்டைக் கைவிடும் ரூட்டர், "அளவைக் குறை" என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழை, சோதனைச் செய்திகளுக்கான நெறிமுறை) டைப் 3, கோட் 4 மூலம் சொல்லும். நடுவில் இருந்த ஃபயர்வாலோ, பிங் பயன்படுத்தும் எக்கோவைத் தவிர மற்ற ஐசிஎம்பி எல்லாவற்றையும் மறித்திருந்தது. நான் நம்பிய பிங்குக்கு மட்டும் வழி திறந்திருந்தது.

டனல் ரூட்டரில் எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு டிசிபி துண்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவை, 1360-க்கு இறக்கினேன். ரிப்போர்ட் உடனே வந்தது. அன்றைய அவசரத்துக்கு அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஃபயர்வால் ரூலைத் தொட அனுமதி வாங்கியாக வேண்டும். ஆனால் எம்எஸ்எஸ்ஸை இறக்குவது டிசிபிக்கு மட்டும்தான் உதவும். எம்எஸ்எஸ் என்பதே இல்லாத இன்னொரு நெறிமுறையான யூடிபியில் பெரிய பாக்கெட் வந்தால் அதே குழிதான். டிக்கெட்டை மூடிவிட்டதால் ரூலை மாற்றச் சொல்லிக் கேட்கக் காரணமும் இல்லாமல் போய்விட்டது. அதைத் திறந்தே வைத்திருந்தால்? தெரியவில்லை.

பிறகு டிக்கெட்டை மேலிருந்து படித்தேன். என் பதிலுக்கு முந்தைய வரியில் அவர் எழுதியிருந்தார்: "900 பைட் பதில் வருது. 3 கேபி வரல."