பனிக்கட்டி மேல் ஓடிய லாரிகள்: ஏழு நாணயங்களைத் தேடிச் சேர்த்த அனுபவம்

ரஷ்யாவின் வோல்கோகிராடில் மருத்துவம் படித்த காலத்தில், ரொட்டிக்கடையில் மீதியாகக் கிடைத்த 2 ரூபிள் நாணயம் ஒன்றில் டாங்கியும் அதனுடன் முன்னேறும் வீரர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. நான் வாழ்ந்த நகரத்தின் போர்க்காலப் பெயரான ஸ்டாலின்கிராட் என்பதும் அதில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் வெற்றியின் 55ஆம் ஆண்டையொட்டி 2000இல் ரஷ்ய மத்திய வங்கி அந்தப் போரில் காட்டிய வீரத்துக்காக ‘வீர நகரம்’ என்ற பட்டம் பெற்ற ஏழு நகரங்களுக்காக வெளியிட்ட வரிசையில் அது ஒன்று என்று அறிந்ததும், மற்ற ஆறையும் சேர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் பற்றிக்கொண்டது.

மாஸ்கோ, தூலா, ஸ்மொலென்ஸ்க், மூர்மன்ஸ்க், நவரசீஸ்க் ஆகியவை எளிதில் கிடைத்தன. லெனின்கிராடுதான் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) என்னைச் சோதித்தது. ஜெர்மன் படைகளால் முற்றுகையிடப்பட்ட அந்நகருக்கு, உறைந்த லடோகா ஏரியின் மேல் 1941 நவம்பர் முதல் உணவு கொண்டு சென்ற லாரிகள் அந்த நாணயத்தில் உள்ளன. ஒன்றரை டன் பாரம் ஏற்றுபவை என்பதால் மக்கள் அவற்றைப் ‘பொலுதோர்க்கா’ என்று அழைத்தார்கள். போர் வாகனங்களிலேயே நான் மிகவும் மதிப்பது, சுடுவதற்காக அல்லாமல் சோறு போடுவதற்காக ஓடிய இவற்றைத்தான்.

ஞாயிற்றுச் சந்தையில் ஒருவரிடம் கண்ணாடிபோல் மின்னிய லெனின்கிராட் நாணயத்தை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அறைக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கீறல்களும், மழுங்கிப்போன லாரியின் விளிம்புகளும் தெரிந்தன. அது பாலிஷ் போட்டுத் தேய்க்கப்பட்ட நாணயம். அச்சடித்த நிலையிலேயே இருக்கும் நாணயத்தை விளக்கடியில் சாய்த்தால் ஒளி ஒரு பட்டையாகச் சுழலும். தேய்த்ததோ எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி பளபளக்கும். அடுத்ததை இப்படிச் சாய்த்துப் பார்த்த பிறகே வாங்கினேன்.

2017இல் இதே வரிசையில் வந்த கெர்ச், செவஸ்தபோல் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டியபோது போலியோ என்று பதறிப்போனேன். பழைய ஏழும் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்தவை. புதியவை நிக்கல் பூசிய எஃகு என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது அவை சென்னையில், பச்சைப் பிசுக்கு ஏற்படுத்தும் மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளைத் தவிர்த்து, தனித்தனிக் கடினக் கூடுகளில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இருக்கின்றன. ரொட்டிக்கடையில் கிடைத்த ஸ்டாலின்கிராட் நாணயத்துக்குப் பதிலாகப் புதியது வாங்கவில்லை. அதன் அழுக்கையும் இதுவரை துடைக்கவில்லை.