நெல்லுக் காவலும் பொலிஸ் படங்களும்

2024 தை (ஜனவரி) 2, செவ்வாய்

விஜயகாந்த் மோசம் போய் இண்டையோட அஞ்சு நாள். சந்திக் கடையில இன்னும் அவற்ற படம்தான் ஓடுது, நேற்று புலன் விசாரணை, இண்டைக்கு சத்ரியன். ரெண்டுமே 1990 இல வந்தது, நான் பிறக்கவே இல்லை. பெரியப்பா தேத்தண்ணிக்கு எண்டு போனவர் முழுப்படமும் பாத்து முடிச்சிட்டுத்தான் எழும்பினவர், நானும் பக்கத்தில இருந்திட்டன்.

பெரியப்பா சொல்லுறார், அந்த வருசம் ஆனியில திரும்பவும் சண்டை தொடங்கினாப் பிறகு எங்கட வன்னிப் பக்கம் கரண்ட் எண்ட கதையே இல்லையாம், சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி டைனமோ சுத்தித்தான் ரேடியோ கேட்டவையாம், படம் எண்டா ஆராவது ஒரு வீட்டு முத்தத்தில மண்ணெண்ணெயில ஓடுற ஜெனரேற்றரும் டெக்கும் வைச்சு விடிய விடிய மூண்டு படம், அதில ஒண்டு கட்டாயம் கப்டனின்ர பொலிஸ் படம். தன்ர மகனுக்கு விஜய பிரபாகரன் எண்டு பேர் வைச்ச மனுசன் எண்டதில இஞ்ச எல்லாருக்கும் அவரில ஒரு தனிப் பாசம், அது வேற கதை. ஆனா பெரியப்பாவுக்குப் பிடிச்சது அடிபிடி இல்லை. சத்ரியன்ல மனுசியைப் பறிகுடுத்திட்டு வேலையையும் விட்டுட்டுப் பிள்ளையளோட ஒதுங்கி இருக்கிற அந்த மனுசன் திரும்ப யூனிபோர்மைப் போடுற இடம். அதுக்குத்தான் தான் முழுப்படமும் பாத்துக்கொண்டு இருக்கிறதாம். படத்துக்குக் கதை மணிரத்னம், டைரக்சன் கே. சுபாஷ், இது நான் தேடிப் பாத்தது. அந்த இடம் வரேக்க கடையில ஒருத்தரும் கதைக்கேல்ல, கடைக்காரர் பாண் வெட்டுறதையும் நிப்பாட்டிட்டார்.

எனக்கு சின்னனில இருந்தே இந்தப் படங்கள்தான். காதல் படம் பாதியில நித்திரை வந்திடும், பொலிஸ் படம் எண்டா கண் மூடாது. ஏன் எண்டு எழுதிப் பாப்பம் எண்டு நினைச்சுத்தான் இதைத் தொடங்குறன்.

தை 13, சனி

நாளையிண்டைக்குப் பொங்கல். நெல்லு இன்னும் பச்சை, மார்கழி வெள்ளத்தில நிண்ட பள்ளக்காணி மட்டும் மஞ்சளாப் போச்சு, அது பழுத்த மஞ்சள் இல்லை.

இரவு நியூஸில யுக்திய, பொலிஸின்ர தேடுதல் நடவடிக்கை. போன மாதம் 17 ஆம் திகதி தொடங்கினது, போதைப்பொருள் பிடிக்கிறம் எண்டு நாடு முழுக்க வீடு வீடாப் பூருகினம், கமராக்காரரும் பின்னால. சித்தப்பாவின்ர மகன் 'அண்ணை, படம் மாதிரியே இருக்கு' எண்டு வாயைத் திறந்து பாத்துக்கொண்டு இருக்கிறான். உண்மைதான், கமரா ஆடுற ஆட்டமும் கதவைத் தட்டுற விதமும் படத்தில பாத்ததுதான். எனக்குப் பட்டது என்னெண்டா, நியூஸில மூலையில ஒரு பொம்பிளை கைக்குழந்தையோட சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கிறா, கமரா அவாவையும் ஒரு நொடி காட்டிட்டுப் போகுது. படங்களில அந்த மூலையைக் காட்ட மாட்டினம். ரவுடிக்கு வீடு இருக்கும், அம்மா இருக்கும், ஆனா கதவு உடையிற நேரம் அவை ஒருத்தரும் வீட்டில இருக்க மாட்டினம். ஐநா மனித உரிமை அலுவலகமும் இதைப் பற்றிக் கவலை தெரிவிச்சிருக்கு.

தை 21, ஞாயிறு

காக்க காக்க திரும்பப் பாத்தன். 2003 இல வந்த படம், எனக்குப் பன்னிரண்டு வயசு. சமாதான காலம், ஏ9 றோட்டு திறந்து ஒரு வருசம், சீடி வவுனியாவில இருந்து ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வரும். நாங்கள் பார்த்த அந்த சீடியில கீறல், இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு அஞ்சு நிமிசத்துக்கும் சூர்யாவின்ர முகம் கட்டம் கட்டமா உடைஞ்சு நிக்கும், சீடியை எடுத்துச் சாரத்தில துடைச்சுத் துடைச்சுப் போட்டு முடிச்சனாங்கள். அந்த நேரம் இஞ்ச பொலிஸ் எண்டா புலிகளின்ர நீல உடுப்புப் பொலிஸ், காக்கி உடுப்பு பொலிஸை நான் ரீவியில மட்டும்தான் கண்டிருக்கிறன், அதனால சூர்யா செய்த பொலிஸ் அதிகாரி அன்புச்செல்வன் எனக்கு வேற உலகத்து ஆள்.

இப்ப பாக்கேக்கயும் எடுத்த விதம் எடுத்த விதம்தான். முதல் சீன்லயே ஆள் குண்டடிபட்டுத் தண்ணிக்குள்ள விழுகிறான், அதுக்குப் பிறகுதான் கதை பின்னால போகுது, வெல்லுவானோ இல்லையோ எண்டு நீ கடைசி வரைக்கும் நெஞ்சில கையை வைச்சுக்கொண்டு இருக்கோணும். அன்ரனியின்ர எடிட்டிங், ஆர்.டி. ராஜசேகரின்ர கமரா, ஹாரிஸ் ஜெயராஜின்ர சத்தம். ஜீவன் செய்த பாண்டியாவுக்குக் கிட்ட இண்டைக்கு வாற வில்லன்மார் ஒருத்தரும் நிக்கேலாது, அது என்ர துணிவான அபிப்பிராயம்.

ஆனா எண்கவுண்டர் சீன்ல என்ர கை இந்தமுறை தட்டேல்ல. அண்டைக்குத் தட்டினது, வடிவா ஞாபகம் இருக்கு, நாங்கள் பத்துப் பெடியள் எழும்பி நிண்டு தட்டினனாங்கள். அதில ரெண்டு பேர் இப்ப இல்லை, ஒருத்தன் எங்க எண்டு தெரியேல்ல. வழக்கும் இல்லை, கேள்வியும் இல்லை, ஒராளைக் கூட்டிக்கொண்டு போய் முடிச்சிட்டு வாறது. நாங்கள் எந்தப் பக்கத்தில நிண்டு அதுக்குக் கை தட்டினனாங்கள் எண்டு இரவு முழுக்க யோசிச்சன்.

தை 27, சனி

வெட்டு தொடங்கிட்டுது. மேட்டுக்காணி முடிஞ்சு நெல்லு றோட்டோரம் படங்கில கிடக்கு, இரவு காவல் என்ர. ரோர்ச், யானை வெடி ரெண்டு, போன், போர்வை. தைப்பனி எண்டா சும்மா இல்லை, படங்கில கை வைச்சா ஈரம்.

லண்டனில இருக்கிற சிநேகிதன் பென் ட்ரைவில குடுத்துவிட்ட படங்களில த ஃபிரெஞ்ச் கனெக்சன் பாத்தன். 1971 இல வந்தது, வில்லியம் ஃபிரீட்கின் எடுத்தது, சிறந்த படத்துக்கு ஒஸ்கார் கிடைச்சது. உண்மையான ரெண்டு நியூயோர்க் பொலிஸ்காரரின்ர கேஸ், அந்த ரெண்டு பேருமே படத்திலயும் சின்ன வேசத்தில வருகினம். எல்லாரும் கதைக்கிறது அந்தக் கார் துரத்துறதை, மேல பாலத்தில ரெயில் போகுது, கீழ றோட்டில இவன் காரில துரத்துறான், மூச்சு விடேலாது, சரி. ஆனா நான் ரெண்டு தரம் போட்டுப் பாத்தது வேற சீன். கடத்தல்காரன் சூடான ஹோட்டலுக்குள்ள வைனும் இறைச்சியும் வைச்சு ஆறுதலாச் சாப்பிடுறான், எதிர்ப்பக்கம் றோட்டில நிண்டு பொலிஸ்காரன் குளிரில காலை மாத்தி மாத்தி வைச்சுக்கொண்டு ஆறின பீட்சாத் துண்டொண்டைத் திண்டு கோப்பியைக் குடிக்கப் பாத்துட்டு ஊத்திவிடுறான். வசனம் இல்லை. போர்வைக்குள்ள இருந்து அதைப் பாக்கேக்க எனக்குக் கண் கலங்கிட்டுது. பொலிஸ் வேலை எண்டா முக்கால்வாசி இதுதானே, நிக்கிறது, காத்திருக்கிறது, விடாமல் இருக்கிறது. கடைசியில முக்கியமான ஆள் தப்பிட்டான், படம் அதைச் சொல்லிப்போட்டு முடியுது.

மூண்டு மணிக்குக் குளக்கட்டுப் பக்கம் யானை ஒண்டு பிளிறிச்சுது. இஞ்சால வரேல்ல.

மாசி 1, வியாழன்

சரியான வேலை. ஒண்டும் பாக்கேல்ல.

மாசி 4, ஞாயிறு

ஆறு மூடை களவு போச்சு. கட்டி அடுக்கி வைச்சது, காயப்போட்டது இல்லை. ரெண்டு மணி மட்டில மழைத் தூறல் எண்டு மற்றப் பக்கம் படங்கு மூடப் போனனான், கால் மணித்தியாலம்தான், வந்து பாத்தா கடைசி வரிசை இல்லை. றோட்டோர மண்ணில வாகனத் தடம். பெரியப்பா பேசேல்ல, அதுதான் கூட நொந்தது. பசளைக் காசு இன்னும் குடுக்கேல்ல, மிசின் கூலி குடுக்கேல்ல.

பொலிஸில முறைப்பாடு குடுக்கப் போனன். பெரியப்பா வரமாட்டார், அந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கமாட்டார், அவர் கொழும்பில ஒரு இடத்தில மூண்டு மாதம் உள்ள இருந்தவர். தமிழ் தெரிஞ்ச ஆள் லீவாம். நான் தெரிஞ்ச சிங்களத்தில சொல்ல இருந்தவர் எழுதினார், பேந்து புத்தகத்தைத் திருப்பி ஒப்பம் வை எண்டார், நான் சொன்னதுதான் அதில இருக்கோ எண்டு எனக்குத் தெரியாது, வைச்சன். மூடை எண்டதுக்குச் சிங்களத்தில கோணி எண்டு சொல்லிக் கையால உயரம் காட்டினனான். சுவரில ஒரு மணிக்கூடு நிண்டுபோய்க் கிடந்தது. அந்த வாங்கில இருந்த ரெண்டு மணித்தியாலமும் நான் பாத்த அவ்வளவு பொலிஸ் படமும் மண்டைக்குள்ள ஓடினது.

மாசி 5, திங்கள்

ஒருத்தன் வந்தான்!

காலமை பத்து மணி இருக்கும், மோட்டச்சைக்கிள்ல தனியா, என்னை விட வயசு குறைஞ்ச சிங்களப் பெடியன், தொப்பியைக் கழட்டி ஹான்டில்ல கொழுவிட்டு எங்க தடம் எண்டு கேட்டான். நான் காட்டினன். அவன் குனிஞ்சான். குந்தியிருந்து தடத்துக்குப் பக்கத்தில பேனையை வைச்சுப் போனில படம் எடுத்தான், ஒரு டயர் தேய்ஞ்ச டயர் எண்டு கையால சைகை காட்டினான், சிந்தின நெல்லு எந்தப் பக்கம் போகுது எண்டு கொஞ்சத் தூரம் நடந்து பாத்தான். எனக்கு நெஞ்சு படபடவெண்டு அடிச்சுது. பெரியம்மா பிளேன்ரீ குடுத்தவா, குடிச்சான், 'ஸ்தூதி அம்மா' எண்டான். பெரியப்பா கிணத்தடியில நிண்டு பாத்துக்கொண்டே இருந்தார், கிட்ட வரேல்ல.

நெல்லு கிடைக்குதோ இல்லையோ, ஒருத்தன் வந்து குனிஞ்சு பாத்தான். நான் தை 2 இல கேட்ட கேள்விக்கு இது பாதி மறுமொழி. படத்தில துப்பாக்கி எடுக்க முதல் ஒரு சீன் வருமே, செத்த ஆளுக்குப் பக்கத்தில முழங்கால் மடிச்சு இருந்து ஒரு சின்னச் சாமானை எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கிறது. எனக்கு அந்த சீன்தான் படம். எங்கட சனத்துக்கு நடந்த எதையும் ஒருத்தரும் குனிஞ்சு பாத்ததில்லை.

மாசி 10, சனி

தடம் பற்றி ஒரு தகவலும் இல்லை. போன் எடுத்தன், ஆள் டியூட்டி மாறிட்டாராம்.

விசாரணை போட்டன். பெரியப்பா பக்கத்தில இருப்பார் எண்டு நினைக்கேல்ல. வெற்றிமாறனின்ர படம், மு. சந்திரகுமார் எண்ட கோயம்புத்தூர் ஆட்டோ ட்ரைவர் எழுதின லாக்கப் நாவலை வைச்சு எடுத்தது, அவர் தனக்கு நடந்ததைத்தான் எழுதினவர். ஆந்திராவில கூலி வேலை செய்யிற நாலு தமிழ்ப் பெடியளைப் பிடிச்சுச் செய்யாத களவை ஒத்துக்கொள் எண்டு அடிக்கிறது. 2016 மாசியில தியேட்டருக்கு வந்தது, அந்தமுறை தேசிய விருதும் கிடைச்சது, இந்தியாவில இருந்து ஒஸ்காருக்கும் அனுப்பினவை. நான் அப்ப பாதியில நிப்பாட்டினனான். இந்தமுறை பெரியப்பா நிப்பாட்ட விடேல்ல. அடிக்கிற இடத்தில அவர் ரீவியைப் பாக்கேல்ல, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார். முடிஞ்சாப் பிறகு ஒரு வசனம் சொன்னார், 'மொழி விளங்காமல் அடி வாங்கிறதைச் சரியா எடுத்திருக்கிறாங்கள்.' அவ்வளவுதான். வெளியில போய்ச் சுருட்டுப் பத்தினார்.

இந்த மனுசன்தான் சத்ரியன் பாக்க எழும்பாமல் இருந்தவர். ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்கு. எனக்குள்ளயும் இருக்கு.

மாசி 18, ஞாயிறு

மாமி வந்து நிக்கிறா. நாளையிண்டைக்குக் கிளிநொச்சிக்குப் போகோணும். இரவு படம் ஏதும் போடு தம்பி எண்டவா, தீரன் அதிகாரம் ஒன்று போட்டன். எச். வினோத், கார்த்தி, 2017. லொறியில வந்து றோட்டோரத்துத் தனி வீடுகளில பூந்து இரும்புக் கம்பியால அடிச்சுக் கொல்லுற பவாரியாக் கூட்டத்தை ஜாங்கிட் எண்ட அதிகாரியின்ர அணி பிடிச்ச உண்மைக்கதை. இதில எனக்குப் பிடிச்சதே இழுபடுற வருசங்கள்தான். கையில இருக்கிறது கைரேகை ஒண்டு, வாகனம் கேட்டாக் கிடையாது, காசு கேட்டாக் கிடையாது, பழைய ரேகையளோட ஒவ்வொண்டா ஒப்பிட்டுப் பாக்கிறது, மொழி தெரியாத ஊரில அலையிறது. ராஜஸ்தான் மண்ணில பஸ்ஸுக்கு மேல நடக்கிற சண்டையும் நல்லாத்தான் இருக்கு, ஆனா மாமி அதில கண்ணயர்ந்திட்டா. ரேகை பொருந்தேக்க நிமிர்ந்து இருந்தவா. கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை 2005 தையில கொலை செய்தாப் பிறகுதான் உண்மையில கேஸ் வேகமாப் போனது எண்டு நான் சொல்ல, 'அதுக்கு முதல் செத்த சனம்?' எண்டு மட்டும் கேட்டவா.

மாசி 20, செவ்வாய்

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடி அம்மாமார் நடத்துற போராட்டம் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில 2017 இதே நாள் தொடங்கினது, ஏழு வருசம் முடிஞ்சுது. நான் மாமியைக் கூட்டிக்கொண்டு போனனான். மச்சான்ர படத்துக்குப் புதுசா லமினேற் போட்டுக் கொண்டந்தவா, போனமுறையான் வெயிலில வெளிறிப்போச்சு. அம்மாமார் கனபேர், போன வருசம் கண்ட ஒருசில முகங்களைக் காணேல்ல, விசாரிக்க மனம் வரேல்ல. றோட்டுக்கு மற்றப் பக்கம் பொலிஸ்காரர் நிண்டவை, ஒராள் போனில எங்களைப் படம் எடுத்துக்கொண்டு நிண்டார்.

திரும்பி வரேக்க பஸ்ஸில மாமி யன்னல் பக்கம். இரணைமடுச் சந்தி தாண்டேக்க திடீரெண்டு கேட்டவா.

'தம்பி, அண்டைக்குப் பாத்த படத்தில அந்த ரேகையை எத்தினை வருசம் வைச்சுத் தேடினவை?'

'ஒரு பத்து வருசம் மட்டில மாமி.'

'பத்தோ', எண்டவா. பேந்து மடியில கிடந்த படத்தைப் பையுக்குள்ள வைச்சு, மேல துவாயைப் போட்டு மூடினவா.