வெள்ளம் வடிந்த தோட்ட லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) சேவைக்குப் போகும் திருச்சபைக் குழுக்களுக்கு

சேறு காய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ், யோங் பெங் வட்டாரத் தோட்டங்களில் தண்ணீர் வடிந்த முதல் இரண்டு மூன்று நாள் சேறு கஞ்சிப் பதத்தில் இருக்கும்; தண்ணீர் பீய்ச்சினாலே வாசலுக்கு ஓடிவிடும். வெயில் ஏறி இறுகிவிட்டால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அதற்காக முந்திக்கொண்டு போவதிலும் பயனில்லை. 2023 மார்ச் வெள்ளத்தில் ஜொகூரின் மற்ற இடங்களில் தண்ணீர் இறங்கிய பிறகும் பத்து பகாட் பக்கம் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. அதனால் தேதியைச் சபை நாட்காட்டியைப் பார்த்துக் குறிப்பதில்லை. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'இன்ஃபோ பஞ்சிர்' தளத்தில் ஆற்றின் மட்டத்தைப் பார்த்து, உள்ளூர்ப் போதகரிடம் போனில் கேட்டுக் குறிக்கிறோம். அங்கிருந்து யாரும் அழைக்கவில்லை என்றால் போவதில்லை.

தோட்டம் தனியார் நிலம். வருகிறவர்களின் பெயர், அடையாளக் கார்டு எண், வண்டி எண் எல்லாவற்றையும் முதல் நாளே தோட்ட ஆபீசுக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் காவல் சாவடியிலேயே காலைப்பொழுது போய்விடும். அதே பேச்சில் குப்பைக்கும் வழி கேளுங்கள். நகராட்சிக் குப்பை லோரி லயத்துக்குள் வரும் என்று நம்ப முடியாது. நனைந்த மெத்தையையும் அலமாரியையும் எங்கே குவிப்பது, தோட்டத்து டிராக்டர் எப்போது வந்து அள்ளும் என்று முடிவாகாமல் வேலையைத் தொடங்கினால், வீட்டுக்குள் இருந்த குப்பை வாசலுக்கு வந்ததோடு சரி. எலியும் ஏடிஸ் கொசுவும் அங்கே குடியேறும்.

நிவாரண மையங்கள் சமூக நலத் துறையின் பொறுப்பில் இருப்பவை. கொண்டுபோகும் பொருளை மையத்தின் மேசையில் பதிந்து ஒப்படையுங்கள், குடும்பங்கள் தங்கியிருக்கும் ஒவ்வொரு பாயாகப் போய் நீட்டாதீர்கள். பொட்டலத்துக்குள் கைப்பிரதி, வசன அட்டை எதுவும் கூடாது. முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்பலைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4) பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஜொகூரில் அதற்குச் சட்டமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், வீடிழந்து நிற்கிறவரின் கையில் அரிசியோடு துண்டுப்பிரசுரத்தையும் திணிப்பது நமக்கே அழகில்லை. ஜெபம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அவர் வீட்டில், அவர் கேட்ட அளவுக்கு. உணவு என்றால் ஹலால் முத்திரையுள்ள பாக்கெட் பொருள் போதும். பழைய துணி வேண்டவே வேண்டாம். எங்கே போனாலும் மலையாகக் குவிந்து கிடப்பது அதுதான்.

ஒரு லயத்து வீட்டுக்கு ஆறு பேர் போதும். இரண்டு பேர் மண்வெட்டி, இரண்டு பேர் சுமக்க, ஒருவர் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் வாட்டர் ஜெட், ஒருவர் ரப்பர் தள்ளி. அதற்கு மேல் ஆள் நுழைந்தால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதுதான் நடக்கும். வாட்டர் ஜெட் பெட்ரோலில் ஓடுவதாக இருக்கட்டும்: மின்சாரம் இருக்காது, குழாயில் வேகமும் இருக்காது. லோரியில் 1,000 லிட்டர் வெள்ளைத் தொட்டி ஒன்றை ஏற்றி வந்தால் ஜெட் நிற்காமல் ஓடும். ஜெட்டையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் வைத்து ஓட்டக் கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடும்.

உள்ளே கால் வைக்குமுன் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று தோட்ட ஆபீசிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சேறு புகுந்த பிளக்கைத் துடைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கும் துணிச்சல்காரர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவருக்கு மண்வெட்டியைக் கொடுத்துவிடுங்கள். அது வயர்மேன் வேலை.

அடுத்தது போட்டோ. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, வீட்டு எண், கெட்டுப்போன பொருள்கள் எல்லாவற்றையும் வீட்டுக்காரரின் போனிலேயே எடுத்துக் கொடுங்கள். வெள்ளம் பாதித்த குடும்பத் தலைவருக்கு அரசு தரும் 'வாங் இஹ்சான்' உதவித்தொகைக்கு, பதிவில் சிக்கல் வந்தால் அவர் காட்டக்கூடியது அதுதான். சபை முகநூலுக்குப் படம் எடுப்பது வேறு சங்கதி, அதைத் தவிர்த்தால் நல்லது.

எதை எறிவது என்பதை வீட்டுக்காரம்மா சொல்ல வேண்டும், நாம் அல்ல. சாமி மேடையில் கை வைக்காதீர்கள். பாட்டியையோ அம்மாவையோ முதலில் உள்ளே அழைத்து, அவர்களே எடுத்து வைத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். நனைந்த சாமி படங்களைக் குப்பைக் குவியலில் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு கழுவியும் பிரயோசனமில்லை. மலாய்க்காரர் வீடென்றால் குர்ஆனுக்கும் இதே மரியாதை.

மரத்தூள் பலகை அலமாரி ஊறிவிட்டால் தேறாது, கட்டை மரம் தேறும். நனைந்த மெத்தையைத் தூக்க நான்கு பேர் வேண்டும், கத்தியால் இரண்டாக வெட்டினால் இருவர் போதும். பிரிட்ஜைத் திறக்காமல் டேப் சுற்றித் தூக்குங்கள். உள்ளே அழுகிய மீனின் வாடை ஒரு லயத்தையே கலைத்துவிடும். அலமாரியின் அடியில் கை விடுமுன் கம்பால் தட்டுங்கள். பாம்பு இருந்தால் விலகி நின்று 999க்கு அழைத்து போம்பாவை (தீயணைப்புத் துறையை) வரச் சொல்லுங்கள்.

கழுவுவது மேலிருந்து கீழே. சேறு முழுக்கப் போன பிறகுதான் குளோரோக்ஸ் என்ற கிருமிநாசினி பிளீச். சேற்றின் மேல் ஊற்றினால் மருந்தின் வீரியம் அந்தச் சேற்றுக்கே சரியாகிவிடும். தரைக்கும் சுவருக்கும் 10 லிட்டர் வாளிக்கு ஏறக்குறைய 125 மில்லி, கழுவி முடித்த தட்டு முட்டுகளுக்கு 40 மில்லி. பச்சைத் தண்ணீரில் அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டு போத்தல்களையும் ஒரே வாளியில் போட்டுத் தூக்கிப்போவதையே தடை செய்திருக்கிறோம்.

கடுதாசிகளுக்கென்று ஒருவரைத் தனியாக உட்கார வையுங்கள். பிறப்புப் பத்திரம் தொலைந்தால் தோட்டத்துக் குடும்பம் எத்தனை வருஷம் அலையும் என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒட்டிக்கொண்ட தாள்களை ஈரத்தில் பிய்க்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் அலசி, நிழலில், உறிஞ்சும் தாளுக்கு நடுவில் வைத்து உலர்த்த வேண்டும். அடையாளக் கார்டு போனவர்களைப் பதிவுத் துறைக்கு அனுப்புங்கள். வெள்ளத்தில் போனது என்றால் புதுக் கார்டுக்குக் கட்டண விலக்கு உண்டா என்று அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

முழங்கால் வரை பூட்ஸ், தடித்த கையுறை, பூஞ்சை பிடித்த வீட்டுக்கு என்95 முகக்கவசம். கால் கையில் ஆறாத புண் உள்ளவர்களைச் சமையலுக்கு விடுங்கள், காரணம் எலிக்காய்ச்சல். வெள்ளத் தண்ணீரிலும் சேற்றிலும் கலந்த எலி மூத்திரம் சிராய்ப்பு வழியாக ஏறும். முன்கூட்டியே மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள், ஒருவர் மிச்சத்தை மற்றவர் விழுங்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்பதையும் பெயர்ப் பட்டியலிலேயே கேட்டுவிடுங்கள்.

எலிக்காய்ச்சல் தலைகாட்ட ஒரு மாதம் வரைகூட ஆகலாம். திரும்பி வந்த பிறகு யாருக்காவது காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடாமல் கிளினிக்குக்குப் போய், வெள்ளச் சேற்றில் வேலை செய்ததை முதலில் சொல்ல வேண்டும். நீங்களாகச் சொல்லாவிட்டால் டாக்டர் முதலில் டெங்கியைத்தான் சந்தேகிப்பார்.