லுப்னாவும் கால்சட்டை வழக்கும்

சூடானியப் பத்திரிகையாளர் லுப்னா அகமது அல் ஹுசைன், கால்சட்டை அணிந்திருந்தார் என்பதற்காக 2009 ஜூலையில் கார்ட்டூம் உணவகமொன்றில் வேறு சில பெண்களோடு கைது செய்யப்பட்டார். குற்றவியல் சட்டத்தின் 152ஆவது பிரிவு அதற்கு 40 கசையடி வரை விதிக்க இடமளித்தது. உடன் பிடிபட்டவர்களில் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 அடி வாங்கினர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐ.நா. தூதுக்குழுவில் பணியாற்றிய லுப்னாவுக்குச் சட்ட விலக்கு கிடைத்திருக்கும். அவரோ அந்த வேலையையே துறந்து, அழைப்பிதழ் அச்சிட்டு விசாரணையைக் காண ஆட்களை அழைத்தார். கசையடி தவிர்க்கப்பட்டு 500 சூடான் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டபோது, அதையும் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்; மறுநாள் பத்திரிகையாளர் சங்கம், அவர் விருப்பத்துக்கு மாறாக, பணத்தைக் கட்டி வெளியே கொண்டுவந்தது. பெண்களின் உடையையும் நடத்தையையும் கட்டுப்படுத்திய பொது ஒழுங்குச் சட்டம் நீக்கப்பட்டதோ அதிபர் ஒமர் அல் பஷீரின் ஆட்சி வீழ்ந்த பிறகு, 2019 நவம்பரில்தான்.