விதி என்ற சொல் நின்ற இடங்கள்

இளையோருக்கான நூல்களைச் செம்மைப்படுத்துவது என் வேலை. 11 ஆண்டுகளில் மாயக் கதைகளின் கைப்பிரதிகள் எத்தனையோ என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. அவற்றில் ஒன்று, ஒரே ஒரு சொல்லுக்காக, மூன்று மாதம் என்னை விடவில்லை.

எழுதியவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அவருக்கு அது முதல் நாவல். அந்தக் கதை நடக்கும் நாட்டில், குழந்தை பிறந்ததும் ஊரின் மூத்தவள் அதன் காதில் ஒரு வாக்கியம் சொல்வாள். சொன்னது நடந்தே தீரும். சொன்னவளே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. மந்திரச் சொல் ஒன்றை உச்சரிக்கும்போதெல்லாம் உச்சரித்தவர் தம் நினைவுகளில் ஒன்றை இழப்பார். நாயகிக்குப் பதினாறு வயதாகும்போது தன் வாக்கியம் தெரியவருகிறது: ‘இவள் ஆற்றை நிறுத்துவாள்.’ அந்த நாட்டுக்கு இருப்பது அந்த ஓர் ஆறுதான்.

மாயக் கதை எதுவானாலும் நான் முதலில் ஒரு தனித்தாளை எடுத்து, அந்த உலகத்து மந்திரத்தின் ஒழுங்கை எழுதிக்கொள்வேன். யார் செய்யலாம், எதைச் செய்ய முடியாது, செய்தால் என்ன கொடுக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு நினைவை இழந்தவள் இருபதாம் அத்தியாயத்தில் அதையே சொல்லி அழுதால், பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். பெரியவர்கள் பொறுத்துக்கொண்டு கடந்து போகும் ஓட்டைகளை அவர்கள் பொறுப்பதில்லை. அதனால்தான் அவர்களுக்காக வேலை செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தத் தாளுக்கு ‘விதிகள்’ என்று தலைப்பிட்டேன். தொல்லை அங்கே தொடங்கியது. கைப்பிரதி முழுவதும் ‘விதி’ விரவிக் கிடந்தது. ‘அவள் விதியை மீறினாள்’ என்று ஒரு வரி. எந்த விதியை? மந்திரத்தின் ஒழுங்கையா, பிறந்த அன்று காதில் சொல்லப்பட்டதையா? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் புழங்குகிறது.

இரண்டையும் பிரித்துவிடலாம் என்றேன். மந்திரத்தின் ஒழுங்குக்கு ‘விதி’ இருக்கட்டும், பிறப்பில் வந்ததற்கு ‘ஊழ்’ என்று வைப்போம். ஊழ் நல்ல சொல். திருக்குறளின் 38ஆம் அதிகாரமே அதன் பெயரில் இருக்கிறது. அதன் கடைசிக் குறள், வேறொரு வழியை எண்ணினாலும் ஊழ் நமக்கு முன்னால் வந்து நிற்கும் என்கிறது. அதே நூல் 620ஆம் குறளில், சோர்வில்லாமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்டச் செய்வார் என்கிறது. விதிக்கும் முயற்சிக்கும் நடக்கும் வழக்கைச் சொல்லும் நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

எழுத்தாளர் தயங்கினார். “அக்கா, அந்த நாட்டுக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்” என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அனுபவம் போதாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு இப்போதும் உறுத்துகிறது.

கணினியில் தேடி மொத்தமாக மாற்றவும் வழியில்லை. ‘விதியை’ என்பது ‘ஊழ்யை’ என்று உடைந்து நிற்கும். ‘விதித்தான்’, ‘விதிவிலக்கு’ எல்லாம் சிதையும். ஒவ்வோர் இடமாகக் கையால்தான் மாற்ற வேண்டும். இருநூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள். பெரும்பாலானவற்றில் எது ஒழுங்கு, எது ஊழ் என்று உடனே விளங்கியது. நாற்பது இடங்களில் மட்டும் பேனா நின்றுவிட்டது. ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தேன். இரண்டு விதமாகவும் சரியாக இருந்தது. காதில் சொல்லப்பட்ட வாக்கியம் பலிப்பதே மந்திரத்தின் ஒழுங்கால்தானே! அந்த நாட்டில் ஊழ் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. யாரோ ஒருத்தி, தன் நினைவொன்றைக் கொடுத்து, வாயால் சொல்லிவிட்டுப் போனது அது. ‘நிறைமொழி மாந்தர் ஆணையில் கிளந்த மறைமொழி’ என்று மந்திரத்துக்குத் தொல்காப்பியம் தரும் இலக்கணம் நினைவுக்கு வந்தது. ஆணையிட்டுச் சொன்ன சொல். எழுத்தாளர் சொன்னது சரி.

நாற்பது இடங்களிலும் ‘விதி’யை விட்டுவைத்தேன். பிறகு மற்ற இடங்களிலும் பழையபடி மாற்றினேன். இரண்டு வார வேலை போயிற்று. அதைச் செய்யாமல் அந்த நாவலை நான் புரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

புரிந்த பிறகுதான் முடிவில் இருந்த குறை கண்ணில் பட்டது. முதல் வரைவில் நாயகி ஒரு சொல்விளையாட்டால் தப்பித்துக்கொள்வாள். ‘ஆறு’ என்றால் வழி என்றும் பொருள் உண்டு அல்லவா? எதிரிப் படை வரும் வழியை அவள் அடைத்துவிடுவாள், வாக்கு பலித்துவிடும். கெட்டிக்காரத்தனமான முடிவுதான். ஆனால் அதில் அவள் எதையும் இழக்கவில்லை, எதையும் முடிவு செய்யவும் இல்லை.

நான் அவருக்கு இளங்கோவின் கதையை எழுதி அனுப்பினேன். அரியணை மூத்தவனுக்கல்ல, இளையவனுக்கே என்று நிமித்திகன் சொல்கிறான். அண்ணன் செங்குட்டுவன் மனம் வருந்தக் கூடாதென்று இளையவர் அங்கேயே துறவு பூணுகிறார். சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை சொல்லும் செய்தி இது. வாக்கைப் பொய்யாக்கினார், அதற்கு ஓர் அரசைக் கொடுத்தார். அவரே ‘ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்’ என்று காட்டக் காப்பியம் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். கைப்பிரதியின் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: ‘இவள் எதைக் கொடுக்கிறாள்?’

பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று. புதிய முடிவில் ஆறு ஆறாகவே இருந்தது. அக்கரையில் சிறைப்பட்ட மக்கள் நடந்து கடப்பதற்காக அவள் ஓர் இரவு ஆற்றை நிறுத்துகிறாள். வாக்கு அப்படியே பலிக்கிறது. எதற்காக, யாருக்காக என்று காதில் சொன்னவள் சொல்லவே இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது, அதை நாயகி நிரப்புகிறாள். கொடுத்தது, தாயின் குரலைப் பற்றிய நினைவு. விடிந்ததும் தாய் கூப்பிடுகிறாள். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பக்கத்தை நான் இரவில் படித்தேன். அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

இன்னொரு சொல் பாக்கி இருந்தது. ‘இது என் தேர்வு’ என்று நாயகி ஆற்றங்கரையில் சொல்வாள். முன்கூட்டியே படித்துப் பார்க்கக் கொடுத்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி, ‘எந்தத் தேர்வு?’ என்று பென்சிலால் கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. அந்த வயதில் தேர்வு என்றால் வினாத்தாள்தான். ‘தெரிவு’ என்று மாற்றலாமா என்று எழுத்தாளரிடம் கேட்டேன். பழந்தமிழில் ‘தெரி’ என்றால் ஆராய்ந்து எடுத்தல் என்பதையும், வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயரிட்டிருப்பதையும் சொன்னேன். இந்த முறை மாற்றச் சொல்லவில்லை, சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

கடைசி மெய்ப்பில் அந்த வசனமே இல்லை. கரையில் நாயகி வாய் திறக்கவில்லை. அத்தியாயத்தின் முடிவில் ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது: ‘அவள் தெரிந்தே நிறுத்தினாள்.’ ஒரு திருத்தக் குறியும் இடாமல் அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன்.