லியூ பின்யானின் பிறந்த நாளைத் தேடி மூன்று பயணங்கள்

சீன எழுத்தாளர் லியூ பின்யானைப் பற்றித் தமிழில் நான்கு பக்கக் கட்டுரை எழுதித் தர ஒப்புக்கொண்டபோது இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்றே நம்பினேன். ஆறு வாரங்கள் ஆயின. அவர் 2005 டிசம்பர் 5 அன்று காலமான ஈஸ்ட் வின்சர், நியூ ஜெர்சியில் நான் குடியிருக்கும் ஊரிலிருந்து அரைமணி நேரத் தொலைவுதான் என்பதால், வேண்டிய நூல்கள் அருகிலேயே கிடைக்கும் என்று எண்ணியது என் முதல் தவறு.

நூலக அட்டை உடனே கிடைத்தது. சிக்கல் பெயரில் தொடங்கியது. முகப்பில் இருந்த ஊழியர் 'பின்யான்' என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டு தேடி, அப்படி எவரும் இல்லை என்றார். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அடுத்த முறை எனக்காக எடுத்து வைத்திருந்தது, நோபல் பரிசு பெற்ற லியூ ஷியாபோவின் நூல். மூன்றாம் பயணத்தில்தான் வேறொரு நூலகர் விளக்கினார்: பழைய பதிவுகள், சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் பழைய முறையான வேட்-ஜைல்ஸ் ஒலிபெயர்ப்பில் இருப்பதால், ஆங்கிலத்தில் 'பின்யான்' என்பதன் முதலெழுத்தே மாறிவிடுகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப' என்பதால் எனக்கு அது தோன்றவே இல்லை. தேடப் போகிறவர்கள் சீன எழுத்துகளையே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

அதன்பின் வேலை ஓடியது. 1957இல் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டுச் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து நீக்கப்பட்டது, 1979இல் அந்த முத்திரை நீங்கிய கையோடு ஹெய்லோங்ஜியாங் மாகாணத்து அதிகாரிகளின் ஊழலை எழுதியது, 1987 சனவரியில் கட்சியிலிருந்து மீண்டும் நீக்கப்பட்டது, 1988இல் அமெரிக்கா வந்து, மறுஆண்டு தியானன்மென் படுகொலையைக் கண்டித்தபின் தாயகம் திரும்ப இயலாமற்போனது எல்லாம் எழுதியாயிற்று.

பிறந்த நாள்தான் இடறியது. ஒரு குறிப்பில் 1925 சனவரி 15. இன்னொன்றில் பிப்ரவரி 7. ஒன்று அச்சுப்பிழை என்று கருதி, சனவரியை எழுதி அனுப்பவே இருந்தேன். நல்லவேளையாகச் சீனச் சந்திர நாட்காட்டியைப் புரட்டினேன்: அந்த ஆண்டு முதல் மாதத்தின் பதினைந்தாம் நாள், அதாவது விளக்குத் திருவிழா, பிப்ரவரி 7 அன்றுதான் வந்திருக்கிறது. யாரோ 'முதல் மாதம் 15' என்பதைச் சனவரி 15 என்று மாற்றியிருக்க வேண்டும். அன்றிரவே முதல் பத்தியைத் திருத்தி ஆசிரியருக்கு அனுப்பினேன்.