நத்தார் மழைக்கு வாசிக்க

டிக்கன்ஸின்ர 'எ கிறிஸ்மஸ் கரோல்' 1843இல வந்தது, எல்லாருக்கும் தெரியும். அது ஒரு பேய்க்கதை எண்டதைத்தான் கனபேர் மறந்திடுறம். கஞ்சன் ஸ்க்ரூஜின்ர மனமாற்றம் எல்லாம் பிறகு. முதல்ல சங்கிலியை இழுத்துக்கொண்டு வாற அவன்ர செத்த கூட்டாளி! இரவு கரண்ட் போனால் இன்னும் நல்லம்.

சொந்தக்காரர் கூடினால் சண்டைதான் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு அகதா கிறிஸ்டியின்ர 'ஹெர்க்யூல் பொய்ரோஸ் கிறிஸ்மஸ்' (1938). பிள்ளையளை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்ட பணக்காரக் கிழவன், நத்தாருக்கு முதல்நாள் பூட்டின அறைக்குள்ள கொலை.

அழவேணும் எண்டால் ஓ ஹென்றியின்ர 'தி கிஃப்ட் ஒஃப் த மேஜாய்'. சின்னக் கதைதான்.

எங்கட பக்கத்து நத்தாரை வைச்சு ஒரு துப்பறியும் கதை ஆராவது எழுதுங்கோவன். யாழ்ப்பாணத்தில குருநகர், பாசையூர் எண்டு களம் சும்மா கிடக்கு.